பத்துக்குப் பத்து… ஆனாலும் புகார்!

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளுக்கு மார்க் போட 1991-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தொடங்கியது. பெயர் பி.எஸ்.ஏ. அது முதன்முதலில் மார்க் போட்ட கார்டின் வரிசை எண் 00000001. பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் உள்ள பழைய சிகரெட் அட்டை அது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்துக் கொடுத்த வரிசையைச் சேர்ந்தது. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி புரூஸ் மெக்னாலும் அதே 1991-ல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். பி.எஸ்.ஏ. போட்ட மார்க் 10-க்கு 8. எண்பது வயது அட்டைக்கு அது அதிசயமான மார்க். அதன் பிறகு விலை ஏறிக்கொண்டே போனது. 2000-ல் இபே என்ற இணையச் சந்தை வழியாக 12 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. 2007-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக் 28 லட்சம் டாலர் கொடுத்தார்.

2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல நிறுவன அதிபர் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தன் ஏலங்களில் பொய்யாக விலை கேட்கவைத்து ஏற்றிவிட்டது அவர்மேல் இருந்த வழக்கு. அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. 1985-ல் 25 ஆயிரம் டாலருக்கு அந்த வாக்னர் கார்டை வாங்கியவர் அவர்தான். அதன் பக்கவாட்டு ஓரங்களை வெட்டிச் சீராக்கியவரும் அவர்தான். ஓரம் வெட்டிய கார்டுக்கு மார்க்கே போடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மாஸ்ட்ரோவுக்கு 2015-ல் 20 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அறிமுகமில்லாத இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, பழைய அட்டை ஒன்றை நம்பி வாங்கி விற்கலாம் என்பதற்காகத்தான் கிரேடிங் என்ற ஏற்பாடே வந்தது. அதன் ஒன்றாம் நம்பர் கார்டிலேயே நம்பிக்கை சறுக்கியது. ஆனாலும் தொழில் படுக்கவில்லை, பெருத்தது. கூடவே புகார்களும் பெருத்தன. மார்க் போட்டவரிடம் போகவேண்டிய புகாரும், தபால்காரரிடம் போகவேண்டிய புகாரும், விதியிடம் போகவேண்டிய புகாரும் இன்று ஒரே ஒருவரின் இன்பாக்ஸில்தான் வந்து விழுகின்றன. அவர்தான் விற்றவர்.

தபால்தலையோ பழைய நாணயமோ சேர்ப்பவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். கார்டை அனுப்பிக் கட்டணம் கட்டினால் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: படம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்பில் வெள்ளை தெரிகிறதா, மேற்பரப்பில் கோடோ கறையோ உண்டா. பிறகு 1 முதல் 10 வரை ஒரு எண். கார்டைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உடைக்காமல் திறக்க முடியாதபடி ஒட்டி, லேபிளோடு திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்கு வியாபாரத்தில் ‘ஸ்லாப்’ என்று பெயர். பி.எஸ்.ஏ.வைப் போலவே பெக்கெட் என்ற நிறுவனமும் இருக்கிறது. அது நான்கு அம்சங்களுக்கும் தனித்தனியே மார்க் போடும். நான்கிலும் 10 வாங்கினால் கறுப்பு லேபிள். எஸ்.ஜி.சி. என்று இன்னொன்றும் உண்டு. அதை 2024-ல் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் எஸ்.ஜி.சி. 9.5 மார்க் போட்ட 1952-ம் ஆண்டு பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டல் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

9-க்கும் 10-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மூலையின் நுனி, அவ்வளவுதான். பிரபலமான கார்டுகளில் விலை வித்தியாசமோ பல மடங்கு. சண்டைக்கு அந்த இடைவெளி போதாதா?

கொரோனா முடக்கத்தில் வீட்டில் அடைந்து கிடந்த அமெரிக்கர்கள் பரணில் இருந்த கார்டுப் பெட்டிகளை இறக்கினார்கள். 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைக்கவேண்டி வந்தது. மூன்று நாளில் வந்து குவிந்த கார்டுகள், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வந்தவற்றைவிட அதிகம் என்று அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஸ்லோன் அறிவித்தார். கடை வைத்துப் பழக்கமே இல்லாத ஆசிரியர், கணக்கர், கல்லூரி மாணவர் என்று பலரும் சாப்பாட்டு மேஜையில் பார்சல் கட்டும் வியாபாரிகள் ஆனார்கள். விற்கத் தெரிந்த அளவுக்கு, திட்டு வாங்கத் தெரியவில்லை.

‘ரிட்டர்ன் கிடையாது’ என்றால்…

இபேயில் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று எழுதி வைத்தால் பிரச்னை வாசலிலேயே நின்றுவிடும் என்று புதிதாக விற்பவர்கள் நம்புவார்கள். மனம் மாறித் திருப்புகிறவரை மட்டும்தான் அது தடுக்கும். ‘விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை’ என்ற காரணத்தை வாங்கியவர் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த வாசகத்துக்கு மதிப்பில்லை. பொருள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் வரை அவருக்கு அவகாசம். பதில் சொல்ல விற்றவருக்கு 3 வேலை நாள். அதற்குள் தீராவிட்டால் இபேயை நடுவில் கூப்பிடலாம். திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில்தான். விற்றவர் தானே தீர்க்காமல் இபே வரை போய் அவருக்கு எதிராக முடியும் வழக்குகள் கணக்கில் கரும்புள்ளியாக ஏறும். மொத்த விற்பனையில் 0.3 சதவீதம்தான் எல்லை. ஆயிரம் கார்டு விற்றவருக்கு மூன்று.

2008-க்கு முன்பு இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மோசம் என்று எழுதலாம். அந்த ஆண்டு இபே விதியை மாற்றியது. அதிலிருந்து வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எழுத வழியில்லை. பதிலுக்குப் பதில் பழிவாங்கும் பயத்தில் வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லாமல் இருந்தார்கள் என்பது இபேயின் நியாயம். ‘பாதிப் பணம் தராவிட்டால் மோசமாக எழுதுவேன்’ என்ற மிரட்டலுக்கு அது வழி திறந்தது என்பது விற்பவர்களின் வயிற்றெரிச்சல். அப்படி மிரட்டுவது இபேயில் தடைசெய்யப்பட்டது. மிரட்டல் அந்தத் தளத்தின் மெசேஜ் வழியாகவே வந்திருந்தால் நிரூபிக்கலாம். வாட்ஸப்பிலோ போனிலோ பேசித் தீர்க்கப் போனவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியவருக்கு வங்கி என்ற இன்னொரு கதவும் உண்டு. 1974-ல் வந்த அமெரிக்கச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. இபேயின் 30 நாள் முடிந்த பிறகும் அந்தக் கதவு திறந்திருக்கக்கூடும்.

கோடு எங்கே இருக்கிறது?

வரும் புகார்களில் மிகச் சாதாரணமானது இப்படி இருக்கும்: ‘கார்டின் மேல் கோடு இருக்கிறது. 10 மார்க் என்று போட்டு ஏமாற்றிவிட்டீர்கள்.’ கூடவே, ஜன்னல் வெளிச்சம் பளீரென்று அடிக்கும் ஒரு மங்கலான போட்டோ.

இதைப் படித்ததும் விற்றவரின் கை துடிக்கும். ‘மார்க் போட்டது நானா? பி.எஸ்.ஏ.வைக் கேளுங்கள்’ என்று எழுதத் தோன்றும். சொல்வது சரிதான்; ஆனால் அதை எழுதிய நிமிடத்தில் எதிரே இருப்பவர் ரிட்டர்ன் பொத்தானைத் தேடத் தொடங்கிவிடுவார். பழம் தின்று கொட்டை போட்ட விற்பனையாளர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள்: ‘ஸ்லாபை விளக்குக்கு அடியில் வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கோடு படத்தோடு சேர்ந்தே நிற்கிறதா, படத்தின் மேல் நகர்கிறதா?’ பிளாஸ்டிக்குக்கும் கார்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது. கோடு பிளாஸ்டிக்கில் இருந்தால், சாய்க்கும்போது வீரரின் தோளிலிருந்து கழுத்துக்கு நகர்ந்ததுபோலத் தெரியும். கார்டிலேயே இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். பிளாஸ்டிக்கில்தான் என்றால் கார் ஹெட்லைட்டைத் துலக்கும் பாலிஷில் கொஞ்சம் எடுத்து மெல்லிய துணியால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் கட்டணம் கட்டி, மார்க்கை மாற்றாமல் புதுப் பெட்டி போட்டுத் தரும் சேவை பி.எஸ்.ஏ.விடமே இருக்கிறது. அந்தக் கட்டணத்தை விற்றவரே ஏற்கிறேன் என்று சொன்னால் பாதிப் புகார்கள் அங்கேயே படுத்துவிடும். நூற்றுக்கணக்கான டாலர் விற்பனையைக் காப்பாற்றச் சில டாலர் செலவு.

கோடு கார்டிலேயே இருந்தால்? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஒரு மார்க் என்பது அளவுகோலால் அளந்த நீளமில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நாளில் பார்த்துச் சொன்ன கருத்து. ஸ்லாபை உடைத்து அதே கார்டை மறுபடி அனுப்பி வேறு மார்க் வாங்கியவர்கள் ஏராளம். பி.எஸ்.ஏ.வும் இதை மறைப்பதில்லை. மார்க் கூடுதலாகப் போட்டுவிட்டதாகத் தெரிந்தால் ஈடுசெய்ய ஓர் உத்தரவாதத் திட்டம் வைத்திருக்கிறது. வாங்கியவர் கார்டை ஸ்லாபோடு மறுபார்வைக்கு அனுப்பலாம். இந்த வழியை அமைதியாகச் சொல்லித் தருவதும் புகாரைக் கையாள்வதில் சேர்த்திதான். ஸ்லாபை உடைத்துவிட்டுப் ‘பணம் கொடு’ என்று வருபவர் வேறு ரகம். அவர் வாங்கிய பொருள் இப்போது அவரிடமே இல்லை.

விற்றவரின் தப்பு

எல்லாப் பழியும் வாங்குபவர்மேல் இல்லை. விற்பவர்கள் கூடுமிடத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: விளம்பரத்தில் செய்யும் அலட்சியத்தால் தாமாகத் தேடிக்கொள்ளும் புகார்கள் ஏராளம்.

பனினி நிறுவனத்தின் பிரிசம் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒரே வீரர், ஒரே படம், ஒரே எண். ஆனால் சாதாரண அச்சு ஒன்று. வெளிச்சத்தில் சாய்த்தால் வானவில் காட்டும் வெள்ளி அச்சு இன்னொன்று. அதற்கு மேல் சிவப்பு, நீலம், பச்சை என்று ரகங்கள். விலை தரைக்கும் மாடிக்கும். சாதாரண அச்சை வைத்துக்கொண்டு, தேடலில் மாட்டவேண்டும் என்பதற்காகத் தலைப்பில் ‘சில்வர்’ என்ற சொல்லையும் நுழைப்பவர்கள் உண்டு. லேபிளில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் தலைப்பில் போட்டிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. லேபிளிலேயே தவறாக அச்சாகி வருவதும் உண்டு. அதைக் கண்டுபிடித்தும் சொல்லாமல் விற்பவர், வாங்கியவர் கண்டுபிடிக்கும் நாளுக்குத் தயாராக இருக்கவேண்டும்.

இன்னொன்று, போட்டோ. இன்டர்நெட்டில் கிடைத்த வேறு ஒருவருடைய ஸ்லாபின் படத்தைப் போட்டு விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்லாபிலும் சான்று எண் இருக்கிறது. பி.எஸ்.ஏ.வின் தளத்திலோ ஆப்பிலோ அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கார்டு, என்ன மார்க் என்று வந்து நிற்கும். பல கார்டுகளுக்கு அவர்களே எடுத்த படமும் வரும். படத்தில் ஓர் எண், பார்சலில் வேறு எண் என்றால் வாங்கியவர் சொல்வதுதான் எடுபடும். அதில் தவறும் இல்லை. ஸ்லாபின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், பிளாஸ்டிக்கில் சில்லு தெறித்த இடம் இருந்தால் அதுவும்: இத்தனையும் போட்டிருந்தால், ‘ஏழாவது படத்தில் பாருங்கள்’ என்ற ஒரே வரிப் பதில் போதும்.

பார்சலும் அப்படித்தான். ஸ்லாபுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை, இரு பக்கமும் அட்டை, சுற்றி பபிள் ராப், கடைசியில் பெட்டி. ஒட்டுவதற்கு, பெயின்டர்கள் சுவரில் ஒட்டும் நீல டேப். உரித்தால் பிசுக்கு நிற்காது என்பதால் கார்டுக்காரர்கள் மத்தியில் அது எழுதப்படாத சட்டம். வெறும் பபிள் கவரில் போட்டால் தபால் நிலைய இயந்திரங்களின் உருளைகளுக்கு நடுவே ஸ்லாபின் மூலை தெறிப்பது அபூர்வம் இல்லை. உடைந்து போனதாகப் புகார் வந்தால் முதலில் செய்யவேண்டியது, வந்த பெட்டியையும் உள்ளே இருந்த அட்டையையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வதுதான். அமெரிக்கத் தபால் துறையிடம் இழப்பீடு கேட்க, அனுப்பிய நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். பெட்டியைக் காட்டச் சொல்லி அவர்கள் கேட்கலாம். சேதத்துக்கான பணத்தை வாங்கியவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, தபால் துறையோடு விற்றவர் மல்லுக்கட்டுவதுதான் முறை. அந்தச் சண்டைக்குள் வாங்கியவரை இழுக்கக் கூடாது. 750 டாலரோ அதற்கு மேலோ விலைபோன பொருளுக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சேவையில் அனுப்பினால்தான், ‘எனக்கு வரவே இல்லை’ என்ற புகாரில் இபே விற்றவர் பக்கம் நிற்கும். அந்தச் சில டாலரை மிச்சம் பிடித்து ஆயிரம் டாலரை விட்டவர்கள் உண்டு.

விலை இறங்கினால் குறை தெரியும்

1986-ல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட மைக்கேல் ஜோர்டனின் கார்டு, பி.எஸ்.ஏ. 10 மார்க். 2021 ஜனவரி இறுதியில் ஏலத்தில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலர். அடுத்த ஆண்டே அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. இப்படி விலை விழும் காலத்தில், வாங்கிய வாரத்தில் யார் கண்ணுக்கும் படாத கோடுகள் மூன்றாவது வாரத்தில் தெரியத் தொடங்கும். வீரருக்குக் கால் முறிந்தாலும் அப்படித்தான்.

இத்தகைய புகாரை நேருக்கு நேர் ‘நீங்கள் சாக்குச் சொல்கிறீர்கள்’ என்று அடித்தால் விற்றவர்தான் தோற்பார். வாங்கியவரின் மனதுக்குள் இருப்பதை இபேயிடம் நிரூபிக்க முடியாது. சான்று எண், விளம்பரப் படங்கள், கார்டு போய்ச் சேர்ந்த தேதி, முதல் மெசேஜ் வந்த தேதி ஆகியவற்றை மட்டும் வரிசையாக, கோபமில்லாமல் எழுதினால் நடுவில் வருபவருக்குப் படிக்க எளிது. அப்படியும் எதிராகத் தீர்ப்பு வருவது உண்டு. விலை குறைந்த கார்டானால் திருப்பி வாங்கிக்கொண்டு, அந்த வாங்குபவரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே பலருடைய வழக்கம். கௌரவம் பார்த்து மாதக் கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட அது லாபம்.

ஆனால் திருப்பி வருவது அதே கார்டுதானா? விற்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். நல்லதை எடுத்துக்கொண்டு அதே வீரரின் மட்டமான கார்டையோ போலி ஸ்லாபையோ திருப்பி அனுப்பும் மோசடி உண்டு. பார்சல் கட்டும்போது சான்று எண் தெரியும்படி ஒரே மூச்சில் எடுத்த வீடியோ, தபால் நிலைய ரசீதில் உள்ள எடை, திரும்பி வந்த பெட்டியைப் பிரிக்கும் வீடியோ எல்லாம் கையில் இருப்பது நல்லது. இவை இருந்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பொருள் திரும்பி வந்தபின் பணத்தைக் கொடுக்க 2 வேலை நாள்தான். அதற்குள் இபேயிடம் முறையிடும்போது வெறும் கையோடு நிற்கவேண்டியிருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2024 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த இருவர் மீது நியூயார்க்கில் அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர்கள் குற்றம்சாட்டினார்கள். மார்க் லேபிளையும் ஸ்லாபையும் போலியாகச் செய்து, மதிப்புக் குறைந்த கார்டுகளை உயர்ந்த மார்க் கார்டுகளாக விற்றார்கள், விற்க முயன்றார்கள் என்பது வழக்கு. மொத்தம் 20 லட்சம் டாலருக்கு மேல். அதில் ஜோர்டனின் அந்த 1986 கார்டும் இருந்தது. 10 மார்க் என்று சொல்லி 1 லட்சத்து 71 ஆயிரம் டாலருக்கு மேல் விற்கப்பட்டதாகக் குற்றப்பத்திரிகை சொன்னது. போலி என்று தெரிந்து வாங்கியவர் புகார் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கார்டை இன்னொருவரிடம் விற்கப் பார்த்ததாகவும் அதில் இருந்தது. ரீஃபண்டை உடனே கொடுத்துவிட்டார், நல்ல மனிதர் என்று வாங்கியவர் நிம்மதியாகப் போய்விடுவதில் இப்படியும் ஓர் ஓட்டை.

2022 ஜனவரியில் இபே இன்னொரு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதலில் ஸ்லாப் இல்லாத, 750 டாலருக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு. பிறகு ஸ்லாப் போட்டவற்றுக்கும். விற்றவர் பார்சலை வாங்கியவருக்கு அனுப்பமாட்டார். நடுவில் உள்ள நிபுணர்களுக்கு அனுப்புவார். அவர்கள் விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால்தான் மேலே அனுப்புவார்கள். ரிட்டர்ன் உண்டு என்றால் அதுவும் அவர்கள் கை வழியாகத்தான் வரும். அதனால் கார்டை மாற்றி அனுப்பும் விளையாட்டு அங்கே எடுபடாது. ‘சொன்னபடி இல்லை’ என்ற புகாரிலிருந்தும் விற்றவருக்கு ஓரளவு பாதுகாப்பு. பார்சல் போய்ச் சேரச் சில நாள் கூடுதலாகும். ‘இன்னும் வரவில்லையே’ என்ற மெசேஜ்கள் அதற்கேற்ப அதிகமாகும். விற்ற அன்றே ‘நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது’ என்று இரண்டு வரி எழுதிவிடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

2024-ல் இன்னும் ஒரு படி. கார்டுகளைப் பத்திரமாக வைத்துக் காக்கும் தன் பெட்டகத்தை இபே பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்த கோல்டின் ஏல நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இப்போது ஒருவர் தன் கார்டை மார்க்குக்கு அனுப்பினால், அது வீடு திரும்பாமலே பி.எஸ்.ஏ.வின் பெட்டகத்துக்குப் போய், அங்கேயே படம் எடுக்கப்பட்டு, இபேயில் விற்பனைக்கு வந்துவிடலாம். உரிமையாளர் ஸ்லாபைக் கையில் தொட்டே பார்த்திருக்கமாட்டார். மூலை தேய்ந்திருக்கிறது என்று வாங்கியவர் எழுதினால், பதில் சொல்லவேண்டிய மேஜையும் மார்க் போட்ட மேஜையும் ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும். சாப்பாட்டு மேஜையில் பார்சல் கட்டுகிறவர்களில் சிலருக்கு இது நிம்மதி. தாங்கள் எழுதும் பதிலால் வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருக்கும் பழைய விற்பனையாளர்களோ, கமிஷன் கணக்கைப் பார்த்துவிட்டு, இன்னும் நீல டேப் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.